காட்டுமாடும் நம் வீட்டுமாடும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)



"டாக்டர், உங்க அனுபவத்தைப் பேசுங்க. ஆனா அரை மணிக்கு மேல போக வேணாம், சாப்பாடு ஆறிடும்" என்று சங்கச் செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன். 1974ல் இங்கே புதுமுக வகுப்பு படித்துவிட்டுச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடைத் துறையில் வேலை. செங்கம், போளூர் பக்கம் பாதிக் காலம். நீலகிரியில் மசினகுடிப் பக்கம் சில வருஷம். அந்த மசினகுடியில்தான், என் வைத்தியத்துக்கு வராத ஒரு மாட்டைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதுதான் காட்டுமாடு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பெயர். பத்திரிகையில் "காட்டெருமை தாக்கியது" என்று படிக்கிறோம். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதற்கு "பைசன்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பெயருமே பொருந்தாது. பைசன் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் வேறு விலங்கு. காட்டெருமை என்று சொல்லத் தகுந்தது அஸ்ஸாமிலும் சத்தீஸ்கரிலும் இருக்கும் காட்டு நீர் எருமை. நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது எருமையே இல்லை. அது மாட்டு இனம். விஞ்ஞானப் பெயர் 'போஸ் காரஸ்'. நம் வீட்டுப் பசுவும் 'போஸ்' என்ற அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். உறவுமுறையில் சொன்னால் பெரியப்பா வீட்டுப் பிள்ளை, சித்தப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி. நீலகிரிப் பக்கம் மக்கள் 'காட்டி' என்றும் காட்டுமாடு என்றும்தான் சொல்கிறார்கள். சங்க இலக்கியம் ஆமா என்றது. பழைய பெயர்கள்தான் சரியான பெயர்கள். வடகிழக்கு மாநிலங்களில் மலைமக்கள் வளர்க்கும் 'மிதுன்' என்ற மாடு இந்தக் காட்டுமாட்டின் வழிவந்ததாகத்தான் கருதப்படுகிறது.

மாணவர்களுக்காக அதன் உடலமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். இன்று உலகத்தில் உள்ள காட்டு மாட்டினங்களில் இதுதான் பெரியது. வளர்ந்த காளை 600 கிலோவிலிருந்து 1000 கிலோ வரை இருக்கும். தோள் உயரம் ஐந்தரை அடியிலிருந்து ஏழடி வரை. தோளிலிருந்து நடுமுதுகு வரை ஒரு மேடு ஓடும். நம்ம ஊர் காளையின் திமில் மாதிரி அது வெறும் சதைத் திரட்சி இல்லை; முதுகெலும்புகளின் முள்கள் நீண்டு வளர்ந்து தாங்கி நிற்கும் மேடு. காளை ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும். பசு பழுப்பாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். கன்று பிறக்கும்போது இளம் பொன்னிறம்.

சினைக்காலம் ஒன்பது மாதம், நம் பசுவுக்கு உள்ளதைப் போலவே. ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று. மந்தையை நடத்திப் போவது வயதான பசு. பெரிய காளைகள் பெரும்பாலும் தனியாகத் திரியும். இணைசேரும் பருவத்தில் மட்டும் மந்தையைத் தேடி வரும். அப்போது அவை எழுப்பும் குரல் ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும். பயந்தால் மூக்கால் சீறும். புல், மூங்கில் குருத்து, இலை, தழை எல்லாம் தின்னும். தேக்கு மரத்தின் பட்டையைக்கூட உரித்துத் தின்னும். உப்பு மண் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் நக்கும். கோடையில் தண்ணீர்க் கரையை விட்டுத் தூரம் போகாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு சங்கதி. காட்டுமாட்டின் தோலில் எண்ணெய்ப் பசை போல ஒன்று சுரக்கும். அதன் ரோமத்திலிருந்து ஓர் அமிலத்தை 2003ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். கொசுவை அது உட்காரவிடாமல் செய்கிறதாம். கொசுவர்த்திச் சுருள் இல்லாமலே காட்டில் சுகமாகத் தூங்குகிற மாடு!

சரி, இவ்வளவு பலசாலிக்கு யார் எதிரி? புலி அடிக்கும். செந்நாய்க் கூட்டம் கன்றைத் தூக்கும். வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன்தார்களும் சுட்டு, கொம்பைச் சுவரில் மாட்டினார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுமாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். துப்பாக்கிக்குச் சட்டம் போடலாம். ஆனால் புலியாலும் துப்பாக்கியாலும் முடியாததை, ஒரே பருவத்தில் ஒரு காட்டின் மந்தைகளையே சாய்ப்பதை, வேறொன்று செய்தது. அதற்குச் சட்டமும் தெரியாது, சரணாலயத்தின் எல்லைக் கல்லும் தெரியாது. அதுதான் வெக்கை நோய்.

இங்கிருக்கும் இளைஞர்கள் வெக்கை நோய் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டீர்கள். அப்படிக் கேள்விப்படாமல் இருப்பதே எங்கள் துறையின் வெற்றி. வயதானவர்களுக்குத் தெரியும். மாட்டுக்குக் கடுமையான காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல். உடம்பில் உள்ள நீரெல்லாம் போய் ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். மனிதருக்கு வரும் தட்டம்மையின் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கிருமி. 1887 வாக்கில் அது ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் நுழைந்தது. பத்தே வருஷத்தில் தென்முனை வரை போய்விட்டது. மாடு வளர்த்துப் பிழைத்த மக்கள் பஞ்சத்தில் மாண்டார்கள். அங்கே காட்டில் இருந்த எருமைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

நம் பக்கம் 1968ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் புகுந்தது. காட்டுமாடுகள் பெருமளவில் மடிந்தன. 1970களின் நடுவில் பெரியாறு காட்டிலும் அதே கதை. நான் மசினகுடிக்கு மாறிப்போனபோது, 1968ஐக் கண்ணால் பார்த்த வயதான வனக் காவலர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்: "சார், தண்ணி ஓரமாத்தான் கெடந்துச்சுங்க எல்லாம். காய்ச்சல்ல தண்ணி தேடி வந்து, குடிக்க முடியாம அங்கயே படுத்துருச்சுங்க. கழுகு தின்னு தீர்க்க முடியல." கோடையில் காட்டுமாடு தண்ணீரை விட்டு நகராது என்று சொன்னேன் அல்லவா? ஊர்மாடும் அதே தண்ணீருக்குத்தான் வரும். ஒரு குட்டைக் கரை, ஒரே புல்வெளி. நோய் கைமாற அது போதும்.

மசினகுடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பாலுக்காக மட்டும் மாடு வளர்க்கவில்லை, சாணத்துக்காகவும் வளர்த்தார்கள். பெரிய பெரிய பட்டிகள். பகலெல்லாம் மாடு காட்டில் மேயும்; ராத்திரி பட்டியில் சாணம் போடும்; சாணம் லாரி ஏறித் தோட்டங்களுக்குப் போகும். நான் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டால், அந்த ஊசி அந்த மாட்டைக் காப்பாற்றும், அது மேயப்போகிற இடத்தில் மேய்கிற காட்டுமாட்டையும் காப்பாற்றும். காட்டுமாட்டைக் கயிறு போட்டுக் கட்டி ஊசி போட எவனால் முடியும்? அதற்குப் போட வேண்டிய ஊசியை அதன் பங்காளிக்குத்தான் போட வேண்டும். இன்றைய பேச்சில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால், அது இதுதான்: காட்டுமாட்டைக் காப்பாற்றும் வேலை காட்டில் ஆரம்பிப்பதில்லை, நம் மாட்டுக் கொட்டகையில் ஆரம்பிக்கிறது.

தமிழ் படித்த நண்பர்களுக்காக ஒரு செய்தி. மலைபடுகடாம் நம் மாவட்டத்து நூல். இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் தலைநகர் செங்கண்மா, அதாவது நம்முடைய செங்கம். அதில் ஒரு காட்சி வருகிறது. மந்தையைப் பிரிந்த ஊர்க்காளை ஒன்றும், மலையிலிருந்து இறங்கி வந்த காட்டு விடை ஒன்றும் முட்டி மோதுகின்றன. ஆயர்களும் குறவர்களும் சேர்ந்து நின்று ஆரவாரம் செய்கிறார்கள். தமிழ் மாணவர்கள் அதில் வீரத்தைப் பார்ப்பார்கள். மாட்டு வைத்தியன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. ஊர்மாடும் மலைமாடும் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் இரண்டாயிரம் வருஷமாக இந்த மண்ணில் வாழ்ந்து வந்திருக்கின்றன. அந்த நெருக்கம் புதிதில்லை.

வெக்கை நோய் எப்படி ஒழிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதையின் கடைசிப் பக்கம் நம் வாசலில் எழுதப்பட்டது. 1889ல் புனேயில் தொடங்கி, பிறகு இமயமலை அடிவாரத்து முக்தேசருக்கு மாறிய ஆராய்ச்சிக்கூடத்தின் முக்கிய வேலையே இந்த நோய்தான். அங்கேதான் 1920களில் ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசியை எட்வர்ட்ஸ் என்பவர் உருவாக்கினார். 1954ல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது. 1960 வாக்கில் பிளௌரைட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இன்னும் பத்திரமான தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு 1999ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஒரு முறை போட்டால் மாட்டின் ஆயுள் முழுக்கத் தாங்கும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஊசி மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுபோக வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தெர்மாஸ் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடியற்காலை மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் ஊருக்குள் நுழைய வேண்டும். ஏழு மணிக்குப் போனால் கொட்டகை காலி. போய்ச் சேர்ந்தாலும் உடனே மாட்டைப் பிடித்துத் தர மாட்டார்கள். செங்கம் பக்கம் ஓர் அம்மா கேட்டார்: "ஏன் சார், ஊசி போட்டா ரெண்டு நாளு பாலு கொறையுது. அந்தக் காசை நீ தருவியா?" நான் சொன்னேன்: "அம்மா, ரெண்டு நாள் பால் குறைஞ்சா கொட்டகையில மாடு இருக்கும். நோய் வந்தா பாலும் இருக்காது, மாடும் இருக்காது." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, தானே போய் மாட்டைப் பிடித்தார். அந்த மாதிரி ஆயிரக்கணக்கான அம்மாக்கள் மாட்டைப் பிடித்துக் கொடுத்ததால்தான் அந்த நோய் ஒழிந்தது. எங்கள் கால்நடை ஆய்வாளர்கள் சைக்கிளிலும் டிவிஎஸ் 50லும் சுற்றியதற்கும் அதில் பங்கு உண்டு.

இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் கண்டது 1995 ஜூன் மாதம். எங்கே என்று நினைக்கிறீர்கள்? வட ஆர்க்காடு மாவட்டத்தில்! 1989ல் நம் மாவட்டம் எதிலிருந்து பிரிந்ததோ அதே வட ஆர்க்காடு. பல நூற்றாண்டுகளாக இந்தியாவை வாட்டிய ஒரு நோய் தன் கடைசி மூச்சை நம் பக்கத்து வீட்டில் விட்டது. அதற்கப்புறமும் வேலை முடியவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு, கிராமம் கிராமமாக, சந்தை சந்தையாக, "வாயில் புண், கழிச்சல் இருக்கிறதா" என்று தேட வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நம் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தை எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பல ஊர் மாடுகள் ஒரே தோப்பில் நிற்கும். நோய்க்கு அதைவிட நல்ல திருவிழா ஏது? 2006ல் இந்தியா நோய் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. 2011ல் உலகம் முழுவதும் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் உலகத்தை விட்டே துரத்திய இரண்டாவது நோய் இதுதான். அதனால் லாபம் நம் பசுவுக்கு மட்டுமா? முதுமலையில் மந்தை மறுபடி பெருகியது என்றால் அதற்கும் ஒரு காரணம் இதுதான்.

"அதான் ஒழிஞ்சு போச்சே சார், இப்ப என்ன கவலை?" என்று கேட்பீர்கள். வெக்கைக்கு ஒரு தம்பி இருக்கிறது: ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதன்முதலாக 1987ல் கண்டுபிடிக்கப்பட்டது விழுப்புரம் பக்கத்து அரசூரில். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த நோய் 2016லும் 2017லும் மங்கோலியாவில் வளர்ப்பு ஆடுகளிலிருந்து சைகா என்ற அரிய மானுக்குத் தொற்றி ஆயிரக்கணக்கில் கொன்றது. கோமாரி இருக்கிறது, அது காட்டுமாட்டையும் விடாது. அடைப்பான் இருக்கிறது, அதன் கிருமி மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். 2019ல் இந்தியாவுக்குள் நுழைந்த தோல் கழலை நோய் 2022ல் வட மாநிலங்களில் பசுக்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? கோடிக்கணக்கில் இருந்த பைசனைச் சுட்டுச் சுட்டு, 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். மிஞ்சியதைப் பாதுகாத்து யெல்லோஸ்டோன் பூங்காவில் வளர்த்தார்கள். 1917ல் அந்தப் பைசன்களிடம் கன்றுவீச்சு நோய் இருப்பது தெரிந்தது. அது வளர்ப்பு மாடு கொடுத்த நோய். இப்போது பூங்காவை விட்டுப் பைசன் வெளியே வந்தால், "எங்கள் மாட்டுக்கு நோய் வந்துவிடும்" என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பதறுகிறார்கள். கொடுத்தவனே வாங்கப் பயப்படுகிறான்! ஒரு முறை காட்டுக்குள் போன நோயைத் திரும்ப வெளியே எடுப்பது அவ்வளவு கஷ்டம்.

இழந்த மந்தையைத் திரும்பக் கொண்டுவருவதும் கஷ்டம்தான். மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் 1990களின் இறுதியில் காட்டுமாடு அற்றுப்போனது. 2011, 2012 ஆண்டுகளில் கான்ஹா காட்டிலிருந்து 50 காட்டுமாடுகளை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாட்டைத் தூக்கவே எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் 2001ல் அமெரிக்காவில் ஒரு சாதாரணப் பசுவின் வயிற்றில் குளோனிங் முறையில் காட்டுமாட்டுக் கன்று ஒன்று பிறந்தது. நோவா என்று பெயர் வைத்தார்கள். இரண்டே நாளில் வயிற்றுக்கழிச்சலில் செத்துப்போனது. உள்ளதைக் காப்பாற்றுவதற்கு எதுவும் ஈடில்லை.

இன்றைக்குக் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு நடந்து போகிறது. காட்டில் புல் இருந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் பங்களாத் தோட்டத்திலும் பசும்புல் கிடைக்கிறது. வராமல் என்ன செய்யும்? ஊருக்குள் வந்தால் ஊர்மாடு மேய்ந்த இடத்தில் மேய்கிறது, நம் குப்பையைக் கிளறுகிறது. மக்களும் அடிபடுகிறார்கள், உயிரும் போயிருக்கிறது. அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். முட்டுப்பட்டு மகனை இழந்த வீட்டில் போய் 'வனவிலங்கு நம் செல்வம்' என்று பிரசங்கம் பண்ண முடியாது. அந்த வீட்டுக்கு நிவாரணம் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும்; காட்டுக்குள் புல்லும் தண்ணீரும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் மலை ஜனங்கள் காட்டுமாட்டைப் பொறுத்துக்கொள்வார்கள்.

நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் மாடு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி முகாம் போடுகிறார்கள். மாட்டை ஓட்டி வாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் ஓட்டி வரச் சொல்லுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத் தம்பி தங்கைகள் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு முகாம் போகும்போது, ஒரு நாளைக் கால்நடை மருத்துவரோடு செலவிடுங்கள். விடியற்காலையில் போங்கள், மாடு மலைக்குப் போவதற்கு முன்னால். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வடிந்தால், தோலுரிக்கவோ அறுக்கவோ வேண்டாம். அடைப்பானாக இருக்கலாம், டாக்டருக்குச் சொல்லுங்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டை வந்த அன்றே மந்தையோடு சேர்க்காமல் சில வாரம் தனியே கட்டுங்கள். கொடைக்கானல் டூர் போனால் காட்டுமாட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். அது அமைதியாகப் பார்க்கிறது என்றால் உங்களை ரசிக்கிறது என்று அர்த்தமில்லை!

மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காயும் கனியும் கோத்து மாலை சாத்துகிற ஊர் இது. மாட்டை மதிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மதிப்பில் காட்டில் இருக்கும் பங்காளிக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முகாம் தேதி உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துப் பலகையில் எழுதியிருக்கும், போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.